காய்ச்சல் விட்ட நாள்

"காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்னும் வார்த்தையை, மலேசியாவின் ஈப்போ நகரத்திலாகட்டும், அதனைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரங்களால் சூழப்பட்டிருந்த சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா முதலிய ஊர்களிலாகட்டும், டிங்கி கண்ட வீட்டின் வாசலில் நின்று கேளாதவர் எவரும் இருக்க மாட்டார். நலம் விசாரிக்க வருகிற அண்டை வீட்டார் அதைச் சொல்கிறார்கள். நான்கு நாள் கண் விழித்துக் களைத்த தாய் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறாள். வைத்தியம் கற்றவர்களிலும் சிலர், நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதையே சொல்லி வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். அந்த வார்த்தைக்கு இணைபிரியாத் தோழனாக "பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறது?" என்னும் வினாவும் ஊரெங்கும் வழங்குகிறது. காய்ச்சல் இறங்கி, பிளேட்லெட் என்னும் தட்டணுவின் எண்ணிக்கையும் பெரிதாக இறங்கவில்லையென்றால் நோய் தீர்ந்தது என்பதே இன்று ஜனங்களிடையே வேரூன்றி நிற்கும் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் பொதுவாகவே பிழையானது; டிங்கி கண்டவள் கர்ப்பிணியாக இருந்துவிட்டாலோ, அது தாயும் சிசுவுமாகிய இரண்டு உயிர்களையும் ஒருங்கே பணயம் வைக்கிற பிழையாகிவிடும். இதனை நிலைநாட்டுவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இவ்வாறு நம்புகிறவர்களை அறிவிலிகள் என்று நான் கருதவில்லை. அந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தோட்டங்களில் பட்டுத் தெளிந்த அனுபவத்திலிருந்து வந்தது. அவர்கள் அறிந்த காய்ச்சல் மலேரியா. காடு வெட்டிய புது மண்ணில் லயங்களைக் கட்டி ஆட்களைக் குடியேற்றிய காலத்தில், அந்தக் காய்ச்சலுக்கு இரையாகாத குடும்பமில்லை. மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் 1901 இல் கிள்ளான் ஜில்லாவுக்கு வந்து, சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டியதும், கரையோரத்தில் பலித்த உபாயம் உள்நாட்டுக் குன்றுப் பகுதிகளில் பலிக்காமல், காட்டை வெட்டி வெயில் படச் செய்த தெளிந்த ஓடைகளிலேயே வேறொரு கொசு பெருகுவதைக் கண்டு வேறு வழி தேடியதும் சரித்திரத்தில் பதிந்த விஷயங்கள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி வாயில் கொயினா ஊற்றி, விழுங்கியதைப் பார்த்த பின்பே பால்வெட்டுக்கு அனுப்பிய, தோட்டத்து மருத்துவ உதவியாளர்களான டிரெஸர்களைப் பற்றி என் தகப்பனார் பல முறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் காய்ச்சலின் நடை எப்படிப்பட்டது? முதலில் குளிர் எடுக்கும். கம்பளி இரண்டு போர்த்தினாலும் பல் கிட்டும். பின்பு உடம்பு அனலாய்க் கொதிக்கும். பின்பு வியர்வை ஆறாய்ப் பெருகும். வியர்த்ததும் நோயாளி அயர்ந்து உறங்குவான். உறங்கி எழுந்தால் கஞ்சி கேட்பான். காய்ச்சல் விடுவதுதான் அங்கே விடுதலை. வியர்த்து, உடம்பு குளிர்ந்து, தூங்கிப் போனவனைத் தொந்தரவு செய்யாதே என்பது அந்தக் காலத்து ஞானம். கொசு இரவில் கடிக்கும். ஆதலால் இரவில் வலை கட்டிக்கொள் என்பதும் அந்த ஞானமே. கருவுற்றவளுக்குக் கசப்பு மருந்து கொடுத்தால் கரு கலையும், ஆகவே மருந்தே கொடாதே என்பதும் அந்தக் கொயினா நாட்களில் முளைத்த அச்சமே. இந்த ஞானம் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு, தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், லயத்தை விட்டு ஈப்போவின் புந்தோங்கிலும் சிலிபினிலும் குடியேறியபோதும், நாம் பத்திரமாகச் சுமந்து வந்துவிட்டோம். காய்ச்சல் மாறிவிட்டது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

டிங்கி இந்த நாட்டுக்குப் புதியதன்று. 1902 இலேயே பினாங்கில் அது எழுத்தில் பதிவாயிற்று; ரத்தப்போக்கோடு கூடிய கொடிய ரூபம் 1962 இல் அதே பினாங்கில் கண்டறியப்பட்டது. 2019 ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு அது கண்டு, 182 பேர் மாண்டனர். அதன் நடையோ மலேரியாவின் நடைக்கு நேர் விரோதமானது. முதல் மூன்று நான்கு நாட்கள் உடம்பு நெருப்பாய்க் காயும், கண்ணுக்குப் பின்னால் குத்தும், எலும்பெல்லாம் நொறுங்கும். அந்த நாட்களில் சாகிறவர்கள் அபூர்வம். பிறகு ஒரு நாள் காய்ச்சல் இறங்கும். இறங்குகிற அந்த வேளையில்தான், எல்லாரிடத்தும் அன்று, சிலரிடத்து, ரத்தக் குழாய்களின் சுவர் சல்லடைபோல் ஆகி, பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி வெளியே கசிந்து, வயிற்றிலும் நெஞ்சைச் சூழ்ந்த உறையிலும் தேங்கத் தொடங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டிப்படுகிறது, நாடி விரைகிறது, கை கால் சில்லிடுகின்றன, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, அவற்றின் வித்தியாசம் 20 ஆகச் சுருங்கிவிட்டால் அதிர்ச்சி நிலை வந்துவிட்டது என்று பொருள். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடித்து, தானாகவே நின்றுவிடும். அந்த இரண்டு நாள் தாங்கினால் நோயாளி பிழைப்பார். டிங்கியில் உடம்பு குளிர்வதை விடுதலையாக எண்ணி, அயர்ந்து கிடப்பவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடுவது, ஆற்று வெள்ளம் கரையை உடைக்கிற நாழிகையில் காவற்காரனை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

என் அக்காள் மகள் ஏழாவது மாதத்தில் இருந்தபோது அவளுக்கு டிங்கி கண்டது. பழைய தோட்டமொன்றில் எஞ்சியிருக்கும் வீடுகளில் ஒன்றில் அவர்கள் வாசம். திங்கட்கிழமை தொடங்கிய காய்ச்சல் வியாழக்கிழமை இரவு விட்டது. வெள்ளிக்கிழமை காலை அவளை ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "பிளேட்லெட் 1 லட்சத்து 10 ஆயிரம் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை, ரத்தமும் 13 இருக்கிறது, கர்ப்பிணிக்கு இவ்வளவு நல்ல ரத்தம் பார்ப்பதே அபூர்வம்" என்று மெச்சி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று அனுப்பினார். வீடு வந்தோம். "காய்ச்சதான் விட்டுடுச்சே தம்பி, புள்ள தெளிவா இருக்கா, இனிமே என்ன?" என்றாள் என் தாயார். மாலையில் அக்காள் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கர்ப்பிணி வாந்தி எடுப்பது சகஜம் என்றார்கள். மேல்வயிறு வலிக்கிறது என்றாள், வாயு என்றார்கள். சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தாள். நான்கு நாள் தூக்கமில்லாத அலுப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். "மாமா, குளிருது" என்று அவள் சொன்னபோது, போர்வையை இழுத்து மூடப் போன என் கை அவள் பாதத்தில் பட்டது. வாளித் தண்ணீரில் அரை நாள் ஊறிய பாதம்போல் அது ஈரமாய்ச் சில்லிட்டிருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன்; வெளுத்த நகம் சிவப்பேற நெடு நேரம் ஆயிற்று.

அந்த வைத்தியர் மெச்சிய 13 என்னும் ஹீமோகுளோபின் எண்ணைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விவகாரம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. கருவுற்ற ஸ்திரீயின் உடம்பில் ரத்தத்தின் மொத்த அளவு பாதியளவுக்குக் கிட்டத்தட்ட மிகுந்துவிடுகிறது. ஆனால் நீர்ப்பகுதி மிகுகிற வேகத்துக்குச் சிவப்பணு மிகுவதில்லை. ஆகவே அவளுடைய ரத்தம் இயல்பாகவே நீர்த்திருக்கும். கர்ப்பமில்லாத நாளில் 38, 39 என்று இருந்த ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் சதவீதம், ஆறு ஏழு மாதத்தில் 32 அல்லது 33க்கு இறங்கி நிற்பது சாதாரணம். டிங்கியில் ரத்தம் 20 சதவீதம் கெட்டிப்பட்டால் பெருங்கசிவு நேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது வைத்திய விதி. 32 இல் 20 சதவீதம் ஏறினால் என்ன வரும்? 38க்குச் சற்று மேல் வரும். அதைத் தனியே எடுத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஆரோக்கியமான பெண்ணின் எண்ணாகத் தோன்றும். அவளோ அந்நேரம் ஐந்தில் ஒரு பங்கு கெட்டிப்பட்ட ரத்தத்தோடு விளிம்பில் நிற்பாள். ஹீமோகுளோபின் கணக்கும் இப்படியே. அதனை மூன்றால் பெருக்கினால் ஹெமடோகிரிட் ஏறக்குறைய வந்துவிடும். ஆகையால், எந்த எண் நல்லது, எந்த எண் கெட்டது என்று பொதுப்பட விதிக்கும் அட்டவணைகளால் கர்ப்பிணிக்குப் பிரயோஜனமில்லை. அவளுடைய பழைய எண் எது, இன்றைய எண் எது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

மற்றக் குறிகளும் இவ்விதமே வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. டிங்கியில் வெள்ளணு குறையும். கர்ப்பத்திலோ அது இயல்பாகவே மிகுந்திருப்பதால் குறைந்தது தெரியாது. கர்ப்பத்தில் நாடி விரைவாகவும் ரத்த அழுத்தம் தாழ்ந்தும் இருக்கும். ஆதலால் அதிர்ச்சியின் முதற்படி கண்ணுக்குத் தப்பிவிடும். வயிற்றில் நீர் கோத்திருப்பதை, வளர்ந்த கர்ப்பப்பை மறைத்துவிடும். ஓயாத வாந்தி, வயிற்று வலி, சோர்வு, ஈறிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ ரத்தக் கசிவு என்று வைத்திய நூல்கள் அடுக்கும் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டுப் பெண்கள் மசக்கை, வாயு, அலுப்பு, சூடு என்று ஒரு வீட்டுப் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் அகப்பட்டவுடன் விசாரம் நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு வெளிப்படையாக வரும் ஆபத்து கர்ப்பிணிக்கு மாறுவேஷத்தில் வருகிறது என்பதனால்தான், உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வகுத்த முறையில், எச்சரிக்கைக் குறி ஒன்றும் இல்லாவிடினும் கர்ப்பிணியை மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியவர்களின் வரிசையில் சேர்த்தார்கள். பிரேசில் தேசத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டவர்கள், டிங்கி கண்ட கர்ப்பிணிகளின் மரணம் காணாதவர்களுடையதைப் போல் மும்மடங்கு என்று கண்டார்கள்.

இனி, தட்டணு என்னும் தெய்வத்தைப் பற்றி. அது டிங்கியில் இறங்குவது மெய்; வேகமாக இறங்கும்போது கசிவு அண்மையில் இருக்கிறது என்று அறிவிப்பதும் மெய். அறிவிப்பு மணியை நாம் நோயாகவே கருதி, மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடும் என்று நம்புகிறோம். டிங்கியில் மடிகிறவர்களிற் பெரும்பாலார் தட்டணு குறைந்து ரத்தம் ஒழுகி மடிவதில்லை. கசிவினால் அதிர்ச்சி நேர்ந்து, அது கவனிக்கப்படாமல் நீண்டு, அதன் பின்பே உள்ளுறுப்புகள் கெட்டு ரத்தப்போக்கு உண்டாகி மடிகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலுமாக ஐந்து மருத்துவமனைகளில், தட்டணு 20,000க்கு இறங்கிவிட்ட 372 பெரியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரம் முன்கூட்டியே தட்டணு ஏற்றிப் பார்த்த பரீட்சையின் முடிவு 2017 இல் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று. ஏற்றியவர்களில் 21 சதவீதத்தினருக்கும் ஏற்றாதவர்களில் 26 சதவீதத்தினருக்கும் ரத்தக் கசிவு கண்டது. அந்த வித்தியாசம் கணித முறைப்படி நிற்கத்தக்கதன்று. ஏற்றியதால் நேர்ந்த தீங்குகளோ அதிகம். நம் நாட்டு நோயாளிகளையே வைத்து நடந்த இந்தப் பரீட்சைக்குப் பின்னும், "பிளேட்லெட் ஏற்றாமல் சும்மா வைத்திருக்கிறார்களே" என்று வார்டு வாசலில் சச்சரவிடும் உறவினர்களைக் காண்கிறோம்.

பப்பாளி இலைச் சாற்றின் பெருமையும் இந்த மயக்கத்தின் கிளையே. கர்ப்பிணி பப்பாளிப் பழத்தைக் கண்ணாலும் பார்க்கலாகாது என்று பத்து மாதமும் காவல் காக்கிற அதே பாட்டி, டிங்கி என்று சொன்ன மாத்திரத்தில் அதே மரத்தின் இலையைப் பறித்து இடித்துப் பிழிந்து, அந்தக் கசப்புச் சாற்றை அதே பெண்ணின் வாயில் ஊற்றுகிற விந்தையை நான் என் வீட்டிலேயே கண்டேன். கிள்ளானிலுள்ள மருத்துவமனையில் நடந்து 2013 இல் வெளியான ஆராய்ச்சி, அந்தச் சாற்றை அருந்தியவர்களுக்குத் தட்டணு விரைந்து ஏறியதாகச் சொல்வது மெய்தான். ஏறியது எண். கசிவு நின்றதென்றோ, உயிர்கள் அதனால் பிழைத்தனவென்றோ அது காட்டவில்லை. அதற்கு மேல், ஏற்கெனவே வாந்தியால் நீர் இழக்கிறவளுக்கு மேலும் வாந்தி வருவிக்கிற கசப்பைக் கொடுப்பது என்ன வைத்தியம்? அந்த ஒரு டம்ளரின் இடத்தில் உப்பிட்ட கஞ்சியோ, இளநீரோ, கடையில் விற்கிற 100 பிளஸ் பானமோ சென்றிருந்தால் உடம்பில் தங்கியிருக்கும்.

தட்டணு முக்கியமாகிற சமயம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கசிவு நாட்களிலேயே பிரசவ வலி தவிர்க்க இயலாமல் வந்துவிட்டால், நஞ்சுக்கொடி பிரிந்த இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் போகக்கூடும். அப்போது ரத்தமும் தட்டணுவும் கையிருப்பில் இருக்க வேண்டும். அனுபவமுள்ள கைகள் பிரசவம் பார்க்க வேண்டும். இதிலிருந்து இன்னொரு பொது நம்பிக்கையின் பிழையும் விளங்கும். "குழந்தையை அறுத்து எடுத்துவிட்டால் தாயாவது பிழைப்பாள்" என்று வற்புறுத்துகிற கணவன்மாரும் மாமனார்களும் உளர். சில கர்ப்ப நோய்களுக்குப் பிரசவமே மருந்தாகும். நீர்க்கோவையும் ரத்தக் கொதிப்பும் முற்றிய நிலையில் அப்படித்தான். டிங்கிக்கு அது மருந்தன்று. கசிந்துகொண்டிருக்கும் உடம்பில் கத்தி வைப்பது இரண்டாவது ஆபத்தை வலிய அழைப்பதாகும். தாய்க்கோ சிசுவுக்கோ வேறு அவசரம் நேராவிட்டால், அந்த இரண்டு நாட்களைப் பிரசவமில்லாமல் கடத்துவதே விவேகம்.

தண்ணீர் விஷயத்திலும் இரு திசையிலும் தவறுகிறோம். கர்ப்பிணியின் கால் வீங்கியிருந்தால் தண்ணீரைக் குறை என்பார் ஒரு சாரார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், பச்சைத் தண்ணீர் ஆகாது என்று நாவை நனைக்கிற அளவே கொடுப்பார்கள். பிரசவத்தை ஒட்டி டிங்கி வந்தவளுக்கு அது தண்டனைக்குச் சமம். டிங்கி என்றால் குடம் குடமாகத் தண்ணீர் என்பார் மற்றொரு சாரார். நரம்பில் ஏற்றுகிற திரவமும் அளவு மீறினால், கசிவு நின்று நீரெல்லாம் குழாய்க்குள் திரும்புகிற நாளில் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மானித்யா என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் கற்பித்த பெரும்பாடமே, கசிகிற அளவை மணிக்கு மணி அளந்து அந்த அளவுக்கே ஈடுசெய்ய வேண்டும் என்பதுதான். கர்ப்பிணிக்கு அந்தக் கணக்கைக் கருவுறுவதற்கு முந்திய எடையை வைத்துப் போடுவார்கள். வீட்டில் அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் சிறுநீர் கழிகிறதா என்று கேளுங்கள். கூச்சத்தினால் யாரும் கேட்காத இந்தக் கேள்வி, எல்லாரும் கேட்கிற பிளேட்லெட் கேள்வியைவிடப் பன்மடங்கு பெறுமதியுள்ளது.

மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கர்ப்பிணிக்குத் தகும். அதை அளவோடு கொடுக்கப் பயந்து, உடம்பை அனலாய்க் காயவிடுவதே தீங்கு. ஆஸ்பிரினும், போன்ஸ்டான் முதலிய வலி மாத்திரைகளும் கூடா. "ஒரு ஊசி போட்டால் பட்டென்று விட்டுவிடும்" என்று கேட்டு வாங்குகிற தசை ஊசியும் கூடாது. தட்டணு இறங்கிய உடம்பில் அது குத்திய இடத்தில் ரத்தம் கட்டும்.

இவ்வளவுக்கும் ஓர் ஆக்ஷேபம் சொல்வார்கள்: காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளை எல்லாம் மருத்துவமனையில் கிடத்த இடம் எங்கே, நாள்கூலிக்காரன் வேலையை விட்டு வாசலில் காத்துக் கிடக்க முடியுமா என்று. நியாயமான கேள்விதான். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பேரா மாநிலத்தின் நாலா பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வந்து குவிகிறார்கள் என்பதும், செம்பனைக் காட்டுக்குள் ஒதுங்கிய பழைய லயத்திலிருந்து வண்டி கிடைப்பதே அரிது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இடநெருக்கடியும் தூரமும் காவல் முறையை மாற்றுவதற்குக் காரணமாகலாமேயன்றி, காவலைக் கைவிடுவதற்குக் காரணமாகா. தூரம் மிகுதி என்றால், காய்ச்சல் விடுகிற நாளுக்கு முன்பே அவளை ஊருக்குள் ஒரு பந்து வீட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதல்லவா அதன் முடிவு? நாம் செய்வதோ தலைகீழ். காய்ச்சல் எரிகிற நாட்களில் மூன்று கிளினிக்குகளுக்கு அலைந்து பணத்தையும் பலத்தையும் செலவழித்துவிட்டு, காய்ச்சல் விட்ட அன்று வீட்டில் படுத்துவிடுகிறோம்.

ஒரு காய்ச்சலுக்கு மற்றொரு காய்ச்சலின் சட்டையை மாட்டினால் என்ன நேரும் என்பதை இந்த மாநிலம் வேறு விதத்திலும் அனுபவித்திருக்கிறது. 1998 செப்டம்பரில் கிந்தா ஜில்லாவில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடையே மூளைக் காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் வருகிற ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஜப்பானிய நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது; இங்கே வீழ்ந்தவர்களோ பன்றியைக் கையால் தொட்டுப் பழகிய வளர்ந்த ஆண்கள்; ஊசி போட்டுக்கொண்டவர்களும் வீழ்ந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங் என்பவர் நிப்பா வைரஸைப் பிரித்தெடுக்கும் வரையில் மாதக்கணக்கில் புகை அடித்துக்கொண்டே இருந்தோம். நாடு முழுவதும் 105 பேர் இறந்தனர். அதிகாரிகளிடத்தே அன்று நேர்ந்த பிழையும், நம் வீடுகளில் இன்று நேர்கிற பிழையும் ஒரே வகையானவை: பழகிய நோயின் பெயர் முன்னே வந்து நின்றுகொண்டு, கண்முன் இருக்கிற நோயாளியை மறைத்துவிடுகிறது.

கொசுவிடமும் இதே பழைய கணக்குத்தான். ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பின்னும் அந்தி சாயும் முன்னும் அதன் வேட்டை. இரவு வலைக்குள் பத்திரமாக உறங்கிய கர்ப்பிணி, காலையில் முற்றத்தில் துணி அலசும்போது கடிபடுகிறாள். அது ஓடையிலும் சாக்கடையிலும் பிறப்பதைவிட, நம் பீப்பாயிலும் பூச்சாடித் தட்டிலும் விரும்பிப் பிறக்கிறது. விலையில்லாமல் வெட்டாது விடப்பட்ட பால்மரத் தோப்புக்குள் சென்று பாருங்கள்: மரத்துக்கு ஒரு பால் மங்கு, பழைய கம்பியிலேயே சாய்ந்து தொங்கும், உள்ளே கறுத்த இலையும் இரண்டு விரற்கடை மழைத்தண்ணீரும், விரல் நிழல் பட்டதும் அதில் நூல் துண்டுபோல் வளைந்து நெளிந்து புழுக்கள் அடிக்கு இறங்கும். ஒரு காலத்தில் மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைக்காவிட்டால் கங்காணி ஏசுவான். இன்று ஏசுவதற்கு ஆளில்லை. தெருவில் கொசுப் புகை அடிக்கும் வண்டி வந்து போனதும் கடமை முடிந்தது என்று நாம் நிம்மதி கொள்கிறோம். புகை பறக்கிற கொசுவையே கொல்லும். மங்குக்குள் இருக்கிற புழுவுக்கு அது ஒரு வாசனை மாத்திரமே. 2006 இல் பந்தாய் ரெமிஸை அடுத்த பாகான் பஞ்சோரில், ஏடிஸ் கொசுவே பரப்புகிற சிக்குன்குனியா பரவிப் படுக்கையில் கிடத்தியதும் பேரா மாநிலத்து மக்களைத்தான். அந்தக் காய்ச்சல் பிரசவ வேளையில் தாய்க்கு இருந்தால் சிசுவுக்கும் ஏறிவிடும். ரீயூனியன் தீவில் அவ்விதம் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது தொற்றியதாகவும், அறுவைப் பிரசவமும் அதைத் தடுக்கவில்லை என்றும் கண்டார்கள். டிங்கியும் தாயிடமிருந்து சிசுவுக்குச் செல்லக்கூடும் என்பதைக் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையின் வைத்தியர்கள் 1997 இலேயே எழுதினர். பிரசவத்தை ஒட்டிக் காய்ச்சல் கண்டவளின் குழந்தையை, பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தாலும், ஒரு வாரத்துக்கு மேலாகவேனும் கண்காணிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

என் அக்காள் மகளை அன்றிரவே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இளவயதுப் பெண் வைத்தியர் ஒருவர் நாடியைப் பிடித்துக்கொண்டே எங்களைப் பார்த்து முதலில் பிளேட்லெட்டைப் பற்றிக் கேட்காமல், "பிங்க் புத்தகம் எங்கே?" என்று கேட்டார். தாய்மார் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸி என்னும் தாதி எழுதித் தருகிற அந்தப் புத்தகம், வீட்டில் இரும்பு அலமாரியின் மேல் இருந்தது. அவள் புருஷன் மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போய் அதை எடுத்து வந்தான். வைத்தியர் பக்கத்தைப் புரட்டினார். மூன்று வாரத்துக்கு முந்திய தேதிக்கு நேரே, மிஸ்ஸியின் நீல மையில், 10.8 என்று இருந்தது. காலையில் மெச்சப்பட்ட 13ஐ அதன் அருகில் எழுதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, பக்கத்திலிருந்த மிஸ்ஸியிடம் காட்டினார். பேச்சில்லாமல் இருவரும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரையில் மணிக்கு ஒரு முறை அவள் நாடியைப் பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள், திரவத்தை ஏற்றினார்கள், குறைத்தார்கள், நிறுத்தினார்கள். தட்டணு 38,000 வரை இறங்கியது, அதை ஏற்றவில்லை. குழந்தை ஒன்பது வாரம் கழித்து, தன் காலத்தில் பிறந்தது. அக்காள் அந்தப் புத்தகத்தை இப்போது அலமாரியின் மேல் வைப்பதில்லை. ஒரு துணிப் பையில் போட்டு, வாசற்கதவுக்கு உட்புறம் ஓர் ஆணி அடித்து, செருப்பு மாட்டுகிறவர் கைக்கு எட்டும்படி அதில் தொங்கவிட்டிருக்கிறாள்.